புள்ளி இல்லாத வகுப்பு

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். உன் முட்டி எப்படி இருக்கிறது? படி ஏறும்போது இப்போது வலிப்பதில்லை என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். போனில் நாம் 'சாப்பிட்டியா'வைத் தாண்டுவதே இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சேதி, சிரிக்காதே. நான் டேக்வாண்டோ கற்றுக்கொள்கிறேன். ஐந்து மாதமாகிறது. ஐம்பத்திரண்டு வயதில் வெள்ளைச் சீருடையும் வெள்ளை பெல்ட்டுமாக நின்றவளைப் பார்த்து உன் அப்பா, "எந்த பேக்கரியில வேலை கெடைச்சுது?" என்று கேட்டார்.

நீ ஊரை விட்டுப் போன பிறகு, உன் மார்புக் கவசத்தையும் தலைக் கவசத்தையும் திருப்பிக் கொடுக்கலாம் என்று கிளப்புக்குப் போனேன். உன் கோச் அங்கே இல்லை. மாடியில் காலடிச் சத்தம் கேட்டது. அந்தத் தபால்காரப் பெண் நடத்துகிறாரே, அதே வகுப்பு. போட்டி கிடையாது, புள்ளி கிடையாது. பழைய முறைப்படி அடிப்படைப் பயிற்சியும் பூம்சே என்ற அசைவு வரிசைகளும் தற்காப்பும் மட்டும். அதற்கு 'டான்ஸ் கிளாஸ்' என்று பெயர் வைத்தவளே நான்தான். கவசங்களைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற என்னை அவர், "உள்ள வந்து உக்காருங்கக்கா, சும்மா பாருங்க" என்றார்.

பார்த்தேன். ஒரு பல் டாக்டர், பள்ளி வேன் ஓட்டும் பெண், இடுப்பு வலிக்கார பிளம்பர், இன்னும் நாலைந்து பேர். எல்லாரும் ஒரே குத்தை நூறு தடவை காற்றில் குத்தினார்கள். யாரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் நின்றுவிட்டேன்.

"போட்டி எப்ப வரும்?" என்று கேட்டேன். பிளம்பருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதல் பூம்சேயில் பதினெட்டு அசைவுகள், வரிசை தப்பக்கூடாது. எல்லாரும் இடப்பக்கம் திரும்பும்போது நான் வலப்பக்கம் திரும்பி வேன்காரம்மாவின் மூக்குக்கு நேரே நிற்பேன். நாலு மாதம் பிடித்தது. ஒன்பது வயதில் நீ இதை ஒரே வாரத்தில் முடித்தாய். முடித்த அன்றே உன் கோச்சிடம் போய், இதெல்லாம் போதும், சண்டைக்கு விடுங்கள் என்று சொன்னேன். நீ இன்னும் கொஞ்ச நாள் இதையே செய்கிறேன் என்றாய். எனக்கு இப்போதுதான் அது நினைவுக்கு வருகிறது.

போன மாதம் கிளப்பில் கூட்டம். பதக்கம் கொண்டுவராத வகுப்புக்கு இனி இடமில்லை, மாடியையும் போட்டி அணிக்கே கொடுத்துவிடலாம் என்றார் செயலாளர். தபால்காரப் பெண்ணுக்கு மேடைப் பேச்சு வராது. "எங்ககிட்ட காட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று உட்கார்ந்துவிட்டார். செயலாளர் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்கம்மா, மெடலோட அருமை உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

எழுந்தேன். "தெரியும் சார். ஒன்பது வருஷம் கேலரியில நின்னு 'தலைக்கு உதை, மூணு பாயிண்ட்'னு தொண்டை கிழியக் கத்தினவ நான். எந்த வருஷம் என்ன மெடல்னு இப்பவும் வரிசையா சொல்வேன். ஆனா முட்டி எப்ப வலிக்க ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டப்ப எனக்குத் தெரியல. போட்டி வேணும்ங்கிற பிள்ளைங்க போடட்டும். தோத்தாலும் அடிபட்டாலும் இந்தக் கலைக்கே திரும்பி வர ஒரு இடம் இருக்கணும் இல்லையா? அதையும் மூடிட்டா எங்க போவாங்க?" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

உன் கோச்தான் எழுந்தார். தன் அணிக்கு மாலை போதும், காலை ஆறு முதல் ஏழரை வரை மாடி எங்கள் வகுப்புக்கே இருக்கட்டும் என்றார். அப்படியே முடிவானது. வெளியே வரும்போது உன்னை விசாரித்தார். "முட்டி வலியோட அவளை அந்தக் கடைசிப் போட்டியில நான் இறக்கியிருக்கக் கூடாதுக்கா" என்றார். "நாமன்னு சொல்லுங்க" என்றேன். இப்போது அவருடைய மாணவிகள் இரண்டு பேர், காயம் ஆறும்வரை காலையில் எங்களோடு நிற்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. அப்பாவுக்குச் சளி குறைந்துவிட்டது. எனக்கு இப்போதெல்லாம் நன்றாகப் பசிக்கிறது, படுத்ததும் தூக்கம் வருகிறது.

அந்தப் போட்டியில் தோற்றுவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் நான்கு மணி நேரம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் வந்தேனே, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னென்னவோ எழுதிவிட்டேன்.

அடுத்த மாதம் விடுப்பு கிடைக்குமாமே. வா கண்ணு. பயிற்சிக்கு வர வேண்டாம், வகுப்பைப் பார்க்கவும் வர வேண்டாம். நான் காலையில் கிளம்பும்போது நீ நன்றாகப் போர்த்திக்கொண்டு தூங்கு. எழுப்ப மாட்டேன். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போகிறேன்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்ற ஆசியுடன்,
உன் அம்மா