பழசோ புதுசோ

லெஸ்டர்
30.03.2025

அன்பின் ஹெக்டர் அண்ணாவுக்கு,

தங்கச்சி றொஷானி எழுதிக்கொள்வது. நான் சுகம். நீங்களும் மச்சாளும் உங்கள் மகள், கல்யாணப்பெண் சுலக்ஷனாவும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். கப்பல் இழுக்கிற டக் படகின் எஞ்சின் அறை உங்கள் காதைத் தின்றதில் எனக்கு ஒரு லாபம். எங்கள் தெருவில் இப்போதும் கடிதம் வருகிற வீடு என்னுடையதுதான்.

இன்று பூசைக்குப் போனால், ஃபாதர் நற்கருணை கொடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே மார்ச் கடைசியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். ஒக்டோபரில் திருப்பி இழுப்பார்கள். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறார்களாம். தள்ள மறந்த சுவர் மணிக்கூட்டை நம்பிப் போய் வெட்கப்பட்டதுதான் மிச்சம்.

இதை நிற்பாட்டச் சொல்லி நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்குகிறார்கள். பின்னேரம் பிள்ளைகள் விளையாட வெளிச்சம் வேண்டும் என்கிறாள் ஒருத்தி. இந்தக் கிழமைதான் நோயாளிகள் நித்திரை கெட்டுத் தடுமாறுகிறார்கள் என்கிறாள் மற்றவள். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எங்கள் நாட்டிலும் பத்து வருடம் இந்தக் கூத்து நடந்ததே. டவுனில் அரை மணித்தியாலம் முந்திய புதிய நேரம். இயக்கத்தின் பிடியில் இருந்த சம்பூர்ப் பக்கம் பழைய நேரம். யார் மணி சொன்னாலும் "பழசோ புதுசோ?" என்று கேட்காமல் விடமாட்டோம்.

அதை நினைத்தால் இருபத்திரண்டு வருடத்துக்கு முந்திய எட்டு மணிக் கொழும்பு பஸ்ஸும் நினைவுக்கு வருகிறது. சம்பூர் டினேஷ் வந்தால் இறங்கி அவரோடு போய்விடுவேன், வராவிட்டால் லண்டனுக்குப் போவேன் என்று உங்களிடம்தானே சேதி சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை. நாற்பத்துநாலு வயதில் இந்தக் கதை எதற்கு? ஓகஸ்ட்டில் வருகிறேன். ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய் நான் இல்லாமல் சுலக்ஷனா எப்படிக் கல்யாணம் முடிப்பாள் என்று பார்ப்போம்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
றொஷானி


பாலையூற்று, திருகோணமலை
பெரிய வியாழன், 17.04.2025

அன்புத் தங்கச்சி றொஷானிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். உன் மச்சாள் கல்யாணப் பலகாரத்துக்கு இப்போதே ஆள் தேடுகிறாள்.

கேட்டபடியால் சொல்கிறேன், கையெழுத்தை வை. எங்களுக்கும் அன்றைக்குக் கரண்ட் மிச்சம் என்றுதான் சொன்னார்கள். விடியப்புறம் ஹாபரில் லைட்டைப் போட்டுக்கொண்டு வேலை செய்தோம். எண்ணெயை மிச்சம் பிடிக்கலாம், வெளிச்சத்தை எந்தப் பீப்பாயில் ஊற்றி வைப்பது?

தவக்காலம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். காது கேளாதவன் பாவம் சொன்னால் கோவில் முழுக்கக் கேட்கும் என்று ஃபாதர் என்னை வெளியே மாதா கெபிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். எல்லாம் சொன்னேன், ஒன்றைத் தவிர. அது உனக்குச் சொல்ல வேண்டியது. அன்றைக்கு டினேஷிடம் எட்டு மணி என்று மட்டும் சொன்னேன். புதிய நேரம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அவர் பழைய நேரத்தைக் கணக்கு வைத்துப் பிந்தி வந்திருக்கலாம். என் கவனக்குறைவு. அண்ணாவை மன்னித்துக்கொள்.

அன்பு அண்ணா,
ஹெக்டர்


லெஸ்டர்
11.05.2025

அன்பின் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு சிரித்தேன். அவர் வந்திருக்கலாம் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதும். மறதிக்கு யார்தான் தண்டனை கொடுப்பார்கள்? அதை விடுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் இடிக்கிறது. டினேஷ் கோவில் திருவிழா நேரத்தைக்கூட "பழசோ புதுசோ?" என்று இரண்டு தரம் கேட்கிற ஆள். அன்றைக்கு உங்களிடம் கேட்கவில்லையா?

சுலக்ஷனாவின் சாரிக்கு எந்த நிறம் என்று எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கச்சி,
றொஷானி


பாலையூற்று
02.06.2025

அன்புத் தங்கச்சி,

கேட்டவர்.

நான் சம்பூருக்குப் போனபோது வள்ளத்தடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உன் சேதியைச் சொன்னதும் எழும்பி நின்றார். "எட்டு மணி எண்டால் பழசோ புதுசோ, அண்ணை?" என்று கேட்டார். "பழசு" என்று சொன்னேன். மறக்கவில்லை, றொஷானி. தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அடுத்த நாள் பஸ்ஸில் இருந்து "அண்ணா, இன்னும் ஒருக்காப் போய்ப் பாருங்கோ" என்றாய். பார்க்கிற மாதிரி சந்திவரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். எட்டுக்கு பஸ் வெளிக்கிட்டது. எட்டுப் பத்துக்கு அவர் வந்தார். புதுச் சேட், கையில் ஒரு உடுப்பு பேக். "நேரத்தோட வந்திட்டன் அண்ணை, இன்னும் இருபது நிமிசம் கிடக்கு" என்று சிரித்தார். "அவள் போயிட்டாள். விருப்பமில்லையாம்" என்று சொன்னேன். அவர் அந்தப் பேக்கை நிலத்தில் வைக்காமல் வெகுநேரம் நின்றார்.

சண்டை திரும்பவும் வரும், நீ அக்கரையில், சம்பூரில் அகப்படுவாய் என்று பயந்தேன். அம்மாவில் பழியைப் போடமாட்டேன், அவவுக்கு ஒன்றும் தெரியாது. 2006இல் சண்டை வந்தது. டினேஷ் வீட்டாரும் வீடு வாசலை விட்டு முகாமுக்குப் போனார்கள். நல்லதைத்தான் செய்தேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த வருடம்தான் நாட்டு நேரத்தையும் பழையபடி ஆக்கினார்கள். எனக்கு மணிக்கூட்டைத் தொடக் கை வரவில்லை. உன் மச்சாள்தான் கதிரையில் ஏறித் திருப்பி வைத்தாள்.

நீ தனியாக இருக்கிறாய் என்று ஒவ்வொரு கடிதத்திலும் வாசிக்கும்போது அந்தத் தேறுதலும் போய்விடும்.

டினேஷ் இப்போது இறக்கக்கண்டியில் வள்ள எஞ்சின் திருத்துகிறார். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். எங்கே கண்டாலும் "தங்கச்சி சுகமோ?" என்று கேட்பார். எனக்குக் காது கேளாவிட்டாலும் அந்த வாயசைவு விளங்கும். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

போன கடிதத்திலும் பொய்தான் எழுதினேன். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு முகமில்லை. சுலக்ஷனாவுக்காக மட்டும் வா.

ஹெக்டர்


லெஸ்டர்
24.06.2025

ஹெக்டர் அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது.

கையெழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நான் பெயர் வைக்கவில்லை. இந்த நேர மாற்றத்தை வைத்திருக்கட்டும், எடுத்துவிடட்டும், எனக்கு ஒன்றுதான். டினேஷில் இருபத்திரண்டு வருடமும் மணிக்கூட்டில் ஒரு மாதமும் வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன்.

சண்டையில் இருந்து என்னைக் காப்பாற்றியிருப்பீர்கள். அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அக்கரையில் இருப்பதா வேண்டாமா என்று என்னிடம் கேட்டிருக்கலாம். இங்கே ஒருவர், பிறகு இன்னொருவர், என்னோடு வாழ வருகிறேன் என்று சொன்னார்கள். நான் ஒருவரையும் நம்பவில்லை. எட்டு மணிக்கு வராத ஒருவரை எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு வருவேன். அவள் என் ஞானப்பிள்ளை. லிங்கநகரில் சிநேகிதி மாகிரட் வீட்டில் தங்குவேன். பஸ் நிலையத்துக்கு நீங்கள் வர வேண்டாம்.

அதற்கு முதல் ஒரு வேலை இருக்கிறது. இறக்கக்கண்டிக்குப் போங்கள். பஸ் அசையும்வரை நான் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் சொல்லுங்கள். "பழசு" என்று சொன்னது யார் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் பக்கத்து வளவுக்கும் கேட்கும். கேட்கட்டும். அவர் என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுத வேண்டாம், அவருக்குக் குடும்பம் இருக்கிறது.

நான் போகமாட்டேன். அன்றைக்கு நீங்கள்தான் சேதி கொண்டுபோனீர்கள். இதையும் நீங்களே கொண்டுபோங்கள்.

றொஷானி