சாம்பல் பூத்த குழி என்று நீ சொன்ன பொய்

மச்சான்,

இதை எழுதும்போது என் கால்களில் முடி கருகிய வாடை இன்னும் போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் குளித்தும் போகவில்லை. இதே வாடையைச் சில மாதங்களுக்கு முன்னால் ஈப்போவில், ஒரு கண் மருத்துவமனையில் மல்லாந்து படுத்தபடி முகர்ந்தேன். அன்றைக்குக் கருகியது என் கண்.

ஆமாம், லேசர் போட்டுக்கொண்டேன். நீ இருந்திருந்தால் சிரித்தே வேட்டி அவிழ்ந்திருக்கும்.

என் பார்வையின் பெருமை உனக்குத் தெரியாததா? கண்ணாடியைக் கழற்றினால் உலகமே தேங்காய்ப்பால். தாப்பா டவுனில் நின்றிருந்த லாரியை உன் மாமனார் என்று நினைத்துக் கும்பிட்ட மாவீரன் நான். நம் பழைய எஸ்டேட் கோயிலிலோ செருப்பு, சட்டை, கண்ணாடி மூன்றையும் கழற்றிவிட்டுத்தான் பூக்குழியில் இறங்கவேண்டும். அதனால் ஒவ்வொரு தீமிதிக்கும் என் மணிக்கட்டு உன் பிடியில்.

"சின்ன குழிதான்லா மச்சான். மேலெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு. ஊதுபத்திகூட இதவிடச் சுடும். வா, போலாம்" என்பாய்.

எதிரே மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். அம்மன் புடவை காயப்போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நடந்துவிடுவேன். கரையேறியதும் என் நெஞ்சு விரியும் விரிப்புக்குப் பேராக் மாநிலம் பத்தாது.

நீ போன பிறகு வந்த முதல் தீமிதியிலேயே கோயில் தலைவர் வழியை மறித்தார். "புடிச்சிக்கிட்டுப் போக ஆளில்லாம உங்கள எறக்க முடியாதுண்ணே. கரையில பால் குழிக்கிட்ட நின்னு, ஏறி வர்றவங்க கால்ல தண்ணி ஊத்துங்க." யாரோ ஒருவர் கைகொடுக்க வந்தார். என் மணிக்கட்டு என்ன பஸ் கம்பியா, ஏறுகிறவரெல்லாம் பிடிக்க? அந்த வருடமும் அடுத்த வருடமும் வாளியோடு நின்றேன். நீ செத்தது ஒரு வலி. உன்னோடு சேர்த்து என் பேரையும் அந்தக் குழியிலிருந்து நீக்கியது இன்னொரு வலி.

லேசர் என்றதும் உன் தங்கச்சி வீட்டை இரண்டாக்கினாள். "கிலாவா உங்களுக்கு, பைத்தியமா? பேரன் எடுத்தாச்சு, இப்பக் கண்ணச் செதுக்கி யாரப் பாக்கப் போறீங்க?"

"ஒன்னத்தான். கல்யாணத்தப்பச் சரியாப் பாக்கல" என்றேன். அன்றைக்கு எனக்குச் சோறு இல்லை.

மருத்துவர் சின்னப் பெண். கருவிழியின் மேல்தோலைத் தாள்போலத் திருப்பி, ஒளியால் அடியைச் செதுக்கி, வளைவைத் தட்டையாக்கி மூடிவிடுவார்களாம். "ஒங்க கருவிழி நல்ல தடிப்பு அங்கிள், தாங்கும்" என்றாள்.

"பரம்பரையே தடிச்ச தோலும்மா."

"பேசாதீங்க அங்கிள். அந்தப் பச்ச வெளிச்சத்த மட்டும் பாருங்க. வாடை வரும், பயப்படாதீங்க."

வாடை வந்தது. பயப்படவில்லை. நம் கோயில் வாசலில் இருப்பதுபோல்தான் இருந்தது. அதன் பிறகு அவள் சொன்ன காலம் முழுக்கப் புகை, தூசி எதன் பக்கமும் போகவில்லை. சாமி அறையில் ஊதுபத்தியைக்கூட நிறுத்திவைத்தேன்.

இன்றைக்குத் தீமிதி. தலைவர் மறுபடி கையை நீட்டி மறித்தார். "லேசர் கண்ணுண்ணே, அனல் அடிச்சா உருகிடும்!"

"உருகினா ஒங்க தலையில ஊத்துறேன். வழி விடுங்க தலைவரே."

விட்டார். குழியின் விளிம்பில் நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக அதைப் பார்த்தேன்.

சாம்பலாவது மண்ணாவது! கிந்தா ஆறே தீப்பிடித்து ஓடுவதுபோல் கிடந்தது. ஒவ்வொரு கங்கும் தனித்தனியாகத் தெரிந்தது, மச்சான். உள்ளே வெள்ளையாய், ஓரம் நீலமாய், மூச்சுவிட்டுக்கொண்டு. என் கால் நகரவில்லை. கூட்டத்தில் உன் தங்கச்சி முகமும் தெளிவாகத் தெரிந்தது. அவள் கும்பிடவில்லை, வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"போங்கண்ணே, இல்லன்னா வெலகுங்க!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

படுபாவி, ஒவ்வொரு வருடமும் இதைப் பார்த்துக்கொண்டா என்னைக் கூட்டிப்போனாய்? உன் பயத்தை என் மணிக்கட்டில் ஒரு நடுக்கமாகக்கூடக் காட்டாமல்?

எல்லாரும் எதிரே அம்மன் முகத்தைப் பார்த்து நடப்பார்கள். நான் நெருப்பைப் பார்த்து நடந்தேன். ஓடவில்லை. ஒரு கங்குக்கும் கண்ணை மூடவில்லை.

இத்தனை வருடம் நீ தனியாகப் பார்த்த காட்சி அது. இப்போது என்னிடம் இருக்கிறது. கண்ணை மூடினாலும் போகமாட்டேன் என்கிறது. போகச் சொல்லவும் மாட்டேன்.