போர்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

இன்று மத்தியானம் உங்கள் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினேன். தூசியோடு லேசாகச் சந்தன வாசம் வந்தது. உள்ளே மதர்போர்டின் நடுவே, கால் ரூபாய் அகலத்தில், நீங்கள் வைத்த பொட்டு. காய்ந்து ஓரம் வெடித்திருந்தது. கட்டைவிரல் ரேகை மட்டும் அப்படியே இருந்தது. நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் நம் மோட்டார் பட்டறைக்கு இதைப் பழையதாக வாங்கியபோது கூடவே போர்டின் விவரப் புத்தகம் வரவில்லை. காந்திபுரத்தில் ஒரு கடைக்காரர் ஜெராக்ஸ் கட்டு ஒன்றைத் தேடிக் கொடுத்தார். அது வேறொரு போர்டுக்கானது. பாதிக்கு மேல் பிரிண்டருக்கானது. நீங்கள் கடைசிப் பக்கம் வரை படித்தீர்கள். "நம்முளுது இல்லீனாலும் பங்காளி போர்டா இருக்குமுங்க. சாடை தெரியுது" என்றீர்கள். அந்தச் சாடையை நம்பி மெமரியைக் கூட்டினோம். வேலை செய்தது. அதன் பிறகு புத்தகங்கள் மீது எனக்கிருந்த மரியாதை சற்றுக் குறைந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று லேத்துக்கும் வைண்டிங் மிஷினுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்து, இதன் திருகுகளைக் கழற்றத் தொடங்கினீர்கள்.

"மேல வெச்சாப் பத்தாதுங்களா?" என்றேன்.

"டப்பா என்னங்க வேலை செய்யுது? செய்யறவனுக்கு வெக்கோணுமுங்க."

சிப்புகளின் கம்பிக் கால்கள் மேல் படாமல் வெற்றிடமாகப் பார்த்து வைத்தீர்கள். அங்கே பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. நான் பார்த்தேன். நல்ல நாளில் எதற்கு என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உங்கள் மகள் இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். புதிது வாங்க வழியில்லை. இதற்கே வேகமான ப்ராசஸர் ஒன்று பழையதாகக் கிடைத்தது. ஒன்றே ஒன்று, போனால் வேறு கிடைக்காது. போர்டில் ஜம்பர் என்கிற சின்ன இணைப்புக் குப்பி ஒன்றை இடம் மாற்றி வோல்டேஜைக் குறைக்காவிட்டால் அது கருகிவிடும். எந்த ஜம்பர் என்ற அட்டவணை உங்கள் பொட்டுக்கு அடியில் இருக்கிறது.

"ஏனுங் மாமா, அதையே பாத்துட்டு இருக்கறீங்க?"

"வேற எங்கியாச்சும் புக்கு கிடைக்குதான்னு பாக்கலாமா கண்ணு?"

"நாலு மாசமாத் தேடியாச்சுங்களே."

பிறகு அவளும் குனிந்து பார்த்தாள். "அப்பா வெரலுங்களா?"

"ஆமா."

தன் கட்டைவிரலை அதற்கு மேலே, படாமல், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய் நனைத்த பஞ்சோடு வந்தாள். "நீங்களே தொடைச்சுப்போடுங்க மாமா. என்னால ஆகாதுங்க."

அன்று பூஜையில் நான் வாயைத் திறந்திருந்தால் பொட்டு இரண்டு அங்குலம் தள்ளி இருந்திருக்கும்.

பஞ்சால் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தது. ஜம்பரை மாற்றினோம். மெஷின் ஓடுகிறது, முன்னைவிட வேகம். உங்கள் மகள் திரையைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்பூன் கேட்டேன். கையில் வலியா என்று என் மனைவி கேட்டாள். ஆமாம், வலி என்றேன். நகக்கண்ணில் உங்கள் சந்தனம் மஞ்சளாக இன்னும் இருக்கிறது.