வெள்ளிக்கிழமை நூடில்ஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் எப்படி? வெள்ளவத்தையில் நான் சுகமாக இருக்கிறேன்.

பயப்படாமல் வாசியுங்கள். போன வெள்ளிக்கிழமை என் விரதம் கெடப் பார்த்தது. இங்கே பல கடைகளில் தாய்லாந்து நூடில்ஸ் என்று சொல்லித் தக்காளி சோஸில் பிரட்டித் தருகிறார்கள். புளி இல்லாமல் அது என்ன நூடில்ஸ்! தேடித்தேடிக் கொட்டாஞ்சேனையில் ஒரு நல்ல கடையைக் கண்டுபிடித்தேன். மரக்கறி நூடில்ஸ்தான் கேட்டேன். வாயருகே கொண்டுபோனால் மீன் வாசம்! உப்புக்குப் பதிலாக மீன் சோஸ் ஊற்றுவார்களாம்.

"வெள்ளிக்கிழமையில மீன் மச்சம் தொடமாட்டன்" என்றேன். சமைக்கும் சுனிசா தாய்லாந்துப் பெண். கடைக்காரர் விளக்கியதும் எங்களைப் போலவே கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். மீன் சோஸ் இல்லாமல் புதிதாகச் சமைத்துக் கொண்டுவந்து, நான் தனியே இருந்த மேசையில் எதிரே அமர்ந்து, முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல புளிதான் கொழும்பில் கிடைப்பதில்லை என்று அரைகுறைத் தமிழில் குறைப்பட்டார்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் மதிவதனியிடம் நம் வளவு மரத்துப் புளி கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிறது. புளியில் கொட்டை எடுக்க வேண்டாம் அப்பா. கூட இருந்து கதைத்துக் கதைத்து எடுக்க, இங்கே எனக்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறது.

உங்கள் மகள்,
பவளராணி