அந்த நோட்டீஸைக் கோர்த்தவன்

அன்பு மாப்ள சவரிமுத்து,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. பங்குச் சாமியார் உன்னைப் பற்றி நல்லபடியாகத்தான் பேசினார். உன் பேரை மட்டும் இரண்டு தடவை சவரியப்பன் என்று சொல்லிவிட்டார். நீ இருந்திருந்தால், புரூஃப் பார்க்காத பிரசங்கம் என்று என் காதில் சொல்லியிருப்பாய்.

ரோசியும் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்கள். என் தங்கைக்கு நான் செய்யாமல் யார் செய்வது, அதில் பெருமை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் தினமும் எனக்குச் சோறு போடும்போது ஒரு வார்த்தை சொல்கிறாள். "அன்னைக்கு அவரோட நின்னது நீ ஒருத்தன்தாண்ணே." அதற்குப் பிறகு நான் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான் என்று நினைப்பாய். உனக்குத் தெரிந்தது பாதி. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால், திண்டுக்கல் இன்னும் மதுரை மாவட்டத்தில் இருந்தபோது, நாம் இரண்டு பேரும் ஒரே அச்சாபீஸில் எதிரெதிரே நின்று ஈய எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் ஒரு காலேஜ் மலர் வேலைக்கு வந்திருந்தது. அதில் ஒரு பேராசிரியர், ராஜாவையும் ஊரையும் எதிர்த்து மனசாட்சிப்படி நின்றவர்களைப் பற்றி நீளமாக எழுதியிருந்தார். காவியத்தில் வருகிறவர்கள், சரித்திரத்தில் வருகிறவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், தலை போனவர்கள். அந்தக் கட்டுரையைக் கோர்த்தது நான். கோர்க்கக் கோர்க்க உனக்கு உரக்க வாசித்தும் காட்டினேன். ஓர் இடத்தில் எனக்குக் கண்கூடக் கலங்கியது.

"கோத்து முடி மச்சான், டீ ஆறுது" என்றாய் நீ.

மறுநாள் ரெட்டியார்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு கிராமத்திலிருந்து பெரிய மனுஷர் ஒருவர் ஆள் அனுப்பியிருந்தார். திருவிழா நோட்டீஸ், தேர்தல் நோட்டீஸ் எல்லாம் நம் முதலாளியிடம் அடிக்கிறவர் அவர். இந்தத் தடவை கொடுத்தனுப்பிய தாளில் இருந்தது வேறு. அவருடைய மகன் ஒரு கூலிக்காரனை அடித்துக் கையை ஒடித்த வழக்கில், ஊர் முழுக்க 'நாங்கள் பார்க்கவில்லை' என்று சொன்னபோது, பேச்சியம்மாள் என்ற ஒரு பெண் மட்டும் கோர்ட்டில் கூண்டேறி 'நான் பார்த்தேன்' என்று சொல்லிவிட்டாள். அதனால் அவள் குடும்பத்தோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைக்கக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, கிணற்றில் தண்ணீர் எடுக்க விடக் கூடாது. கீழே 'ஊர்ப் பொதுமக்கள்' என்று முடித்திருந்தார்கள்.

முதலாளி தாளை உன்னிடம்தான் நீட்டினார். நீ வாசித்துவிட்டு மேசைமேலேயே திரும்ப வைத்தாய்.

"இதுல என் கை படாது மொதலாளி. வேற வேல குடுங்க."

"எழுத்துக் கோக்குறவனுக்கு அர்த்தம் எதுக்குய்யா? கல்யாணப் பத்திரிக கோக்குறப்ப, பொண்ணுக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்கான்னு கேட்டுட்டா கோக்குற?"

"வாசிக்காமப் பிழையில்லாமக் கோக்க முடியாதுங்க மொதலாளி. வாசிச்சுட்டேன்."

"அப்பக் கெளம்பு."

நீ தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாய். வாசல்படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் எழுத்துப் பெட்டியில் எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டேன். எதைத் தேடினேன்?

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் சொல்வது தெரியாது.

நீ தெருமுனை தாண்டியிருக்க மாட்டாய், முதலாளி தாளை என் பக்கம் தள்ளினார். "நீ என்ன சொல்ற?" என்றார். "சரிங்க மொதலாளி" என்றேன். அவ்வளவுதான். என் பெண்டாட்டி அப்போது மாசமாக இருந்தாள், அதுதான் காரணம் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உனக்கும் அப்போது இரண்டு பிள்ளைகள்.

அச்சாபீஸ் பேரைக் கீழே போட வேண்டாம் என்று முதலாளி சொன்னார். எந்த நோட்டீஸுக்கும் அப்படிச் சொன்னதில்லை. ஏன் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோர்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. விஷயம் கொஞ்சம்தான், தாளில் பாதிக்கு மேல் இடம் மிச்சம். நிரப்புவது நம் வேலை. போஸ்டருக்கு வைத்திருந்த பெரிய எழுத்தை எடுத்துப் பேச்சியம்மாள் பேரைத் தலைப்பில் கோர்த்தேன். இரண்டு பக்கமும் அலங்காரப் பூ அச்சு வைத்தேன். முதலாளி சொல்லவில்லை, கொண்டுவந்தவனும் கேட்கவில்லை. முதல் தாளை அடித்துக் கையில் எடுத்தபோது, எடுப்பாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன் மாப்ள. இதை எழுதவே கூசுகிறது. பயத்தில் செய்தேன் என்றாவது சொல்லலாம் என்று பார்த்தால், இந்தச் சந்தோஷம் குறுக்கே வந்து நிற்கிறது.

அந்த நோட்டீஸைக் கிராமத்து டீக்கடையிலும் கிணற்றடியிலும் ஒட்டினார்கள். பேச்சியம்மாள் உப்புக்கும் புளிக்கும் ரெட்டியார்சத்திரம் வரை நடந்தாள். பேசி முடித்திருந்த அவள் மகள் கல்யாணம் நின்றது. உன்னை எந்த அச்சாபீஸும் சேர்க்கவில்லை. நீ ஆயக்குடியிலிருந்து கொய்யா வாங்கிவந்து பஸ் ஸ்டாண்டில் கூடையோடு நின்றாய். நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டுச் சுற்றிப்போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து நீயே வந்து கேட்டாய். "மச்சான், கடைசில அத யாரு கோத்தது?"

"தெரியல மாப்ள. நானும் மாட்டேன்னுட்டேன். வெளிய எங்கயோ குடுத்துட்டாரு."

"பின்ன ஒன்ன ஏன் நிப்பாட்டல?"

"ரெண்டு பேரையும் அனுப்பிட்டா, வேலய யாரு பாக்குறது?"

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். நீ என் தோளில் கையைப் போட்டாய். "அம்புட்டுப் போதும் மச்சான்" என்றாய். அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் என் மச்சானும் கையை வைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆயிரம் தாளில் என் கோர்ப்பு எது என்று நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்த நோட்டீஸ் ஒரு தடவைகூட உன் கண்ணில் படவில்லையா? தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொன்னாயா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க உன் பக்கத்தில் இருந்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என் பாவம் என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். கோபப்பட்டது, வெள்ளிக்கிழமை கறி தின்றது. இதைச் சொன்னதில்லை. சாமியாருக்கு என் குரல் தெரியும் என்ற பயம். கடவுளுக்குத் தெரியாதா என்று நீ கேட்பாய்.

உன் அடக்கத்துக்குப் பேச்சியம்மாள் வந்திருந்தாள். கொய்யா எடுக்கப் போகும்போதெல்லாம் நீ அவள் ஊரில் இறங்கி, அவள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போவாயாம். எங்கள் யாருக்கும் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் என்னைத் தேடி வந்து நின்றாள்.

"நீங்கதான அவரு மச்சான்? அவரு சொல்லுவாரு, ஒங்களுக்காக ரெண்டு பேரு நின்னோம்னு. எம் மகளுக்கு இப்பக் கல்யாணமாகி எரியோடு ஊர்ல நல்லா இருக்குறா. ஒங்களப் பாத்துச் சொல்லணும்னு இருந்தேன்." அப்படியே என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கையை இழுக்கவில்லை. தலையை வேறு ஆட்டினேன்.

அந்தப் பேராசிரியர் கட்டுரையில் எதிர்த்து நின்றவர்கள் பேரெல்லாம் இருந்தது. அவர்களுக்குப் பக்கத்திலேயே நின்று குனிந்துகொண்டவன் பேர் ஒன்றுகூட இல்லை. அந்தப் பேரைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.

உள்ளே ரோசி சோற்றுக்கு வெஞ்சனம் வதக்குகிறாள். செத்த நேரத்தில் கூப்பிடுவாள். அவள் தட்டு வைப்பதற்கு முன்னால் இதை அவள் கையில் கொடுப்பேன். அவள் வாசித்து முடிக்கும் வரைக்கும் எழுந்து போக மாட்டேன். அதற்குப் பிறகு, அவள் என்னோடு வந்தாலும் வராவிட்டாலும், பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் அவள் முகத்தைப் பார்த்து என் வாயால் சொல்வேன். நாலு பேரிடம் என்னை நல்லவன் என்று சொன்னாய் இல்லையா, அந்த நாலு பேரும் வாசிக்கும்படி இதை அச்சிலும் போடுவேன். உன்மேல் சத்தியம் மாப்ள, இந்தத் தடவை மாற மாட்டேன்.

"அண்ணே, சாப்புட வா" என்கிறாள்.

இப்படிக்கு,
ரோசியின் அண்ணன் அந்தோணி
(உன் மச்சான் என்று போடத்தான் ஆசை. அவள் வாசித்துவிட்டுச் சொல்லட்டும்.)