கிணற்றடியில் நிற்கும் உன் பொம்மை

தோஹா

அன்புள்ள ஜெனிற்றா,

ஆண்டவர் கிருபையில் நான் நலம். நீயும் மகளும் நலமா? அதை மட்டும் முதலில் சொல்.

மூன்றே பேர் சேர்ந்து உருவாக்கிய கேம் என்று நீ கேலி செய்வாயே, நாம் போனில் சேர்ந்து விளையாடும் அந்த கேமில் நேற்று கிணறு வெட்டும்போது, "லயத்து வீட்டுக்குப் பின்னால மண் சரியுதுங்க, புள்ளையத் தூக்கிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போறேன்" என்று அதிலேயே எழுதினாய். பிறகு நம் ஊர் பூனாகலைக்குப் போன் லைனே கிடைக்கவில்லை. கேமில் உன் பொம்மை மட்டும் கிணற்றடியில் அசையாமல் நின்றது. விட்டால் ஓநாய் தின்றுவிடும். வேலைக்குப் போகாமல் ஈட்டியோடு காவல் நின்றேன். சூப்பர்வைசர் போனில் கத்தினார், சிரித்துச் சமாளித்தேன்.

டவர் வந்ததும் போனை சார்ஜ் பண்ணு. மகளுக்குக் கம்பளிக் குல்லா போடு.

இன்று வேலைக்கு வேன் வந்துவிட்டது, போகிறேன். கேமில் முகம் தெரியாத நாலு பேர் உன் பொம்மையைச் சுற்றிக் காவல் நிற்கிறார்கள். நீ கட்டாயம் வருவாய் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

உன் றொனி