இடது பக்க மெத்தையில் ஒரு கிழிசல்

அனுப்புநர்
இரண்டாம் எண் கிரேன் ஓட்டுநர்,
(தற்போது கருவி அறை உதவியாளர்),
இரும்புக் கூடம்.

பெறுநர்
தலைமை மருத்துவ அலுவலர் அவர்கள்,
ஊழியர் உடற்தகுதிப் பிரிவு.

பொருள்: செவிச் சோதனை அறையின் ஹெட்போன் பழுது, என் காதுகளின் பழுதாகப் பதிவானது – வியாழக்கிழமைக்குள் ஹெட்போனை மாற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாகக் கிரேன் ஓட்டுகிறேன். கீழே நிற்பவர் ஊதும் விசிலைக் கேட்டுத்தான் இரும்பை ஏற்றுவதும் இறக்குவதும். இன்றுவரை யார் தலையிலும் ஒரு போல்ட்டுகூட விழுந்ததில்லை.

2. சென்ற மாத ஆண்டுச் சோதனையில் என்னைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஹெட்போனின் இடது பக்க மெத்தை கிழிந்து, மேலே பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காதோடு படியாமல் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சோதனை செய்யும் அம்மையாரிடம் சொன்னேன். "சின்னக் கிழிசல்தானே அண்ணே, சத்தம் வருதுல்ல?" என்றார். சத்தம் வந்தது. தாழ்ந்த சத்தம்தான் வரவில்லை. இடது காது மந்தம் என்று எழுதிவிட்டார்.

3. என் மைத்துனர் ஒலிபெருக்கி பழுதுபார்ப்பவர். கீறல் விழுந்தாலும் சாயம் உரிந்தாலும் ஒலி கெடாது என்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மெத்தை காதோடு ஒட்டவில்லை என்றால் தாழ்ந்த ஒலி முதலில் வெளியே கசிந்துவிடுமாம். கூண்டில் நான் அனுபவித்ததும் அதுதான்.

4. இரண்டாம் சோதனையிலும் அதே ஹெட்போன். உண்மையை நிரூபிக்க எண்ணி, அம்மையார் பாராதபோது அதை இடவலம் மாற்றி மாட்டிக்கொண்டேன். இது தவறு, மன்னிக்க வேண்டுகிறேன். நினைத்தபடியே இம்முறை இடது காதுக்கு நன்றாகவும் வலது காதுக்கு மந்தமாகவும் கேட்டது. மாற்றி மாட்டியதை மகிழ்ச்சியோடு சொன்னேன்; அப்படியானால் இம்முறை வலது காது மந்தம் என்று எழுதிக்கொண்டார். "பழைய பதிவ அழிக்க எனக்கு அதிகாரம் இல்லண்ணே. புதுசா வந்ததச் சேர்க்கத்தான் முடியும்," என்றார். ஆக, கோப்பில் இப்போது எனக்கு இரண்டு காதும் மந்தம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

5. அன்றே கிரேனிலிருந்து இறக்கிக் கருவி அறையில் போட்டார்கள். சன்னல் இல்லாத அறை. முன்னால் கம்பி வலை. கோப்பைப் பார்த்த மேற்பார்வையாளர் என்னிடம் கத்தித்தான் பேசுகிறார். நான் பதில் சொன்னால், "பாவம், உதட்டப் பாத்தே புரிஞ்சுக்கிறாரு," என்று பக்கத்திலிருப்பவரிடம் மெல்லச் சொல்கிறார். அதுவும் எனக்குக் கேட்கிறது. சென்ற ஞாயிறு என் மனைவி அடுத்த அறையில் தன் தங்கையிடம் தாழ்ந்த குரலில் என்னைப் பற்றிச் சொன்னதும் முழுதாகக் கேட்டது. அதை இம்மனுவில் எழுத இயலாது.

6. வரும் வியாழக்கிழமை மூன்றாவதும் கடைசியுமான சோதனை. அதிலும் தவறினால் வேலை போய்விடும். வராவிட்டால் தவறியதாகவே கொள்வார்களாம். ஆட்சேபம் இருந்தால் மூன்றாம் சோதனைக்குப் பிறகு, பணியில் இருப்பவர் மட்டுமே தரலாமாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது. என் மகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்; இந்த வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

7. ஆகவே வியாழக்கிழமைக்குள் அந்த ஹெட்போனை மாற்றித் தரவேண்டும். இயலாவிட்டால், தாங்களே அதை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் கூண்டில் உட்கார்ந்து, தங்கள் காதுக்கு என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்தருள வேண்டும்.

இம்மனு குறித்து விசாரிக்க அழைப்பதானால், சாதாரணக் குரலில் ஒருமுறை கூப்பிட்டால் போதும். கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை, காலை

இப்படிக்கு,
பணிவுடன்,
(கையொப்பம்)
இரண்டாம் எண் கிரேன் ஓட்டுநர்